[சொல்லாக்கம்] காணாமல் ‘போன’வரா, ‘ஆக்கப்பட்ட’வரா? வியாழன் இரவுக்குள் முடிவு வேணும்

சுகந்தி (ஸ்காபரோ), ஏப்ரல் 28, திங்கள்

குழுமத்தாருக்கு வணக்கம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். மே 5 இங்கே கனடாவில் ‘ரெட் டிரெஸ் டே’. காணாமல் போன, கொலைசெய்யப்பட்ட பூர்வகுடிப் பெண்களை நினைத்து மரங்களில் வெறும் சிவப்பு உடைகளைத் தொங்கவிடும் நாள். பகல் பள்ளிக்கூடத்தில் இதை ஆங்கிலத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள், வீட்டில் அம்மம்மாவுக்குச் சொல்லத் தெரியாமல் முழிக்கிறார்கள். அதனால் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். வியாழன் இரவு அச்சுக்குப் போகவேணும்.

தலைப்பிலேயே நின்றுவிட்டேன். ‘மிஸ்ஸிங் அண்ட் மர்டர்ட் இண்டிஜினஸ் விமன் அண்ட் கேர்ள்ஸ்.’ இதை ஒரே தொடராகத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘காணாமல் போன’ என்று எழுதினவுடன் கை கூசியது. நான் வவுனியாவிலிருந்து வந்தவள். ஏன் கூசியது என்று இங்குள்ள பாதிப் பேருக்கு விளக்கத் தேவையில்லை.

—

முகிலன் (சென்னை), ஏப்ரல் 28

மீதிப் பாதியில் நான் ஒருவன், விளக்கினால் நல்லது. ‘காணாமல் போன’ என்பதில் என்ன குறை? எங்கள் ஊர்ச் சுவரொட்டியில் ‘காணவில்லை’, காவல் நிலையத்தில் ‘ஆள் காணவில்லை’ வழக்கு, நாளிதழில் ‘இளம்பெண் மாயம்’. எல்லாருக்கும் புரிகிறது.

என் மறுப்பு ‘பூர்வகுடி’ மேல்தான். பூர்வம் வடசொல். ‘தொல்குடி’ என்று நல்ல தமிழில் சொல்லலாமே? ‘பழங்குடி’ வேண்டாம். இங்கே அது சாதிச் சான்றிதழ்ச் சொல்லாகிவிட்டது.

—

அருள் (கிளிநொச்சி), ஏப்ரல் 28

முகிலன் தம்பி, 2016இல் எங்கட நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அமைந்த அலுவலகத்துக்குத் தமிழில் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்று பெயர் வைத்தார்கள். போரில் தொலைந்த பிள்ளைகளைத் தேடும் அம்மாமார் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. ‘என்ர பிள்ளை போகேல்லை, நான் ஆமியிட்ட கையில பிடிச்சுக் குடுத்தனான்’ என்று சொல்லுகிற ஒரு தாயிடம் ‘போன’ என்ற சொல்லை எப்படி நீட்டுவது? 2017 பெப்ரவரியில் இங்கே தெருவோரம் உட்காரத் தொடங்கியவர்களின் பதாகையில் இருந்த சொல் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’. போனார் என்றால் அவர் செய்த வினை. ஆக்கப்பட்டார் என்றால் இன்னொருவர் செய்த வினை. துணைவினையிலேயே தீர்ப்பு இருக்கிறது.

ஆகவே ரீச்சர், ‘காணாமல் ஆக்கப்பட்ட’ என்றே போடுங்கள்.

—

புலவர் (தஞ்சாவூர்), ஏப்ரல் 29, செவ்வாய்

அருள் சொன்னதற்குத் தொல்காப்பியத்திலேயே இடம் உண்டு.

‘செயப்படு பொருளைச் செய்தது போலத்
தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே.’

உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது. மெழுகியவள் ஒருத்தி உண்டு. வாக்கியத்தில் அவளைக் காணோம். ‘பெண் காணாமல் போனாள்’ என்பதும் இந்த வகைதான், செய்தவனை வாக்கியத்திலிருந்து நழுவவிடுகிறது. ஆனால் இதை மரபென்றே தொல்காப்பியர் ஏற்கிறார், வழு என்று தள்ளவில்லை. ஆக, இலக்கணம் இரு கட்சிக்கும் சாட்சி சொல்லும்.

என் பரிந்துரை வேறு. ‘மாய்’ என்ற வேரைப் பாருங்கள். மறைதல், அழிதல், இறத்தல் மூன்றும் அதற்குப் பொருள். முகிலன் சொன்ன ‘மாயம்’ என்பதை எல்லாரும் வடசொல் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மாய், மாய்வு, மாயம், மாயை என்று வரிசைப்படுத்திப் பார்த்தால்... (இதைத் தனி மடலில் எழுதுகிறேன்.) பிறவினையாக்கினால் ‘மாய்க்கப்பட்டோர்’. காணாமற்போனதும் கொலையும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். தலைப்பும் சுருங்கும்.

—

முகிலன், ஏப்ரல் 29

ஐயா, செய்தித்தாள் படிக்கிறவருக்கு ‘மாய்த்து’ என்றதும் ‘தன்னைத்தானே மாய்த்துக்கொண்டார்’ என்பதுதான் நினைவுக்கு வரும். பெற்றோர் தற்கொலை பற்றிய துண்டறிக்கை என்று எண்ணிவிடுவார்கள்.

—

தேவகி (ஒட்டாவா), ஏப்ரல் 29

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், அருள் கோபிக்கக்கூடாது.

‘வலிந்து காணாமல் ஆக்கப்படுதல்’ என்பது பன்னாட்டுச் சட்டத்தில் வரையறை உள்ள குற்றம். அரசின் ஆட்களோ, அரசின் ஆதரவோடு இயங்குபவர்களோ பிடித்திருக்கவேண்டும். பிடித்ததை மறுத்திருக்கவேண்டும். கனடாவில் நடந்தது பெரும்பாலும் அப்படி இல்லை. 2014இல் கனடாவின் கூட்டரசுப் பொலிஸான ஆர்.சி.எம்.பி. வெளியிட்ட கணக்கில் 1,181 பேர். அதில் 1980 முதல் 2012 வரை 1,017 கொலை, 164 பேர் காணாமற்போனவர்கள். அந்தக் கணக்கே குறைவு என்று குடும்பங்கள் சொல்லி வந்தன. கொன்றவர்களில் கணவர் உண்டு, தெரிந்தவர் உண்டு, தொடர்கொலைகாரரும் உண்டு.

அரசின் பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. மகளைக் காணவில்லை என்று போன தாயிடம் ‘குடிச்சுப்போட்டு எங்கேயாவது கிடப்பாள், வந்துவிடுவாள்’ என்று திருப்பி அனுப்பியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரை ஓடும் 16ஆம் நெடுஞ்சாலைக்குக் ‘கண்ணீர் நெடுஞ்சாலை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பஸ் இல்லாமல் பெண்கள் அங்கே வழிப்போக்கர் காரை மறித்து ஏறினார்கள், பலர் திரும்பவில்லை. ஊர்களை இணைக்கும் அரசு பஸ் 2017இல்தான் வந்தது. இந்தப் பெண்களைப் பற்றி மரியன் புல்லர் தலைமையில் நடந்த தேசிய விசாரணை, 2019 ஜூன் 3 அன்று தந்த இறுதி அறிக்கையில் இதை இனப்படுகொலை என்றே சொன்னது. அரசு செய்ததை மட்டுமல்ல, செய்யாமல் விட்டதையும் சேர்த்துத்தான் அப்படிச் சொன்னது.

ஆனாலும் குடும்பங்கள் தாங்களே சொல்லும் சொல் ‘மிஸ்ஸிங்’. அவர்கள் சொல்லாததை நாம் தமிழில் ஏற்றிச் சொல்லலாமா?

—

அருள், ஏப்ரல் 29, இரவு

கோபம் இல்லை. ஆனால் மனிட்டோபா மாகாணத்து வினிபெக் நகரின் குப்பைமேட்டை யோசித்துப் பாருங்கள். 2022இல் ஒருவன் நான்கு பூர்வகுடிப் பெண்களைக் கொன்றான். இரண்டு பேரின் உடல்கள் நகருக்கு வெளியே பிரேரி கிரீன் குப்பைமேட்டில் இருப்பதாகப் பொலிஸுக்கே தெரியும். தேடுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்றார்கள். மாகாண அரசும் மறுத்தது. 2023 தேர்தலில் ஆளும் கட்சி ‘தோண்டமாட்டோம்’ என்பதையே விளம்பரமாகப் போட்டது. தோற்றது. முதற்குடியிலிருந்து (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்) மாகாண முதல்வரான முதல் ஆள் வாப் கினூ வந்தார். 2024 டிசம்பரில் தேடத் தொடங்கினார்கள். 2025 மார்ச்சில் இரண்டு பெண்களையும் அடையாளம் கண்டார்கள்.

அவர்களைக் கொன்றது அந்த ஒருவன். ஆனால் எங்கே கிடக்கிறார்கள் என்று தெரிந்தும் தேடமாட்டோம் என்று சொன்ன நாளிலிருந்து அவர்களைக் காணாமல் ஆக்கியது யார்? தேவகி அக்கா சொன்ன ‘செய்யாமல் விட்டது’ இதுதானே? நான் ‘வலிந்து’ போடச் சொல்லவில்லை. ‘ஆக்கப்பட்ட’ மட்டும்.

—

பாலா (மினியாபொலிஸ்), ஏப்ரல் 30, புதன்

எல்லையின் இந்தப் பக்கத்து அமெரிக்கச் செய்தி. இங்கே ஆண்களையும் சேர்க்கவேண்டும் என்று ‘பெண்கள்’ போய் ‘மக்கள்’ வந்தது. 2020இல் இதற்கென இரண்டு கூட்டரசுச் சட்டங்கள் வந்தன. 2021இல் உள்துறைச் செயலர் டெப் ஹாலண்ட் தனிப் புலனாய்வுப் பிரிவே தொடங்கினார். எங்கள் மாநிலத்தில் அதே ஆண்டு அமைந்த அலுவலகத்தின் பெயரிலோ மக்களும் இல்லை, ‘ரெலட்டிவ்ஸ்’. காணாமற்போன எவரும் யாருக்கோ உறவு என்ற பொருளில். தமிழில் ‘உறவுகள்’ என்று வைக்கலாமா? எனக்குப் பிடித்திருக்கிறது.

—

சுகந்தி, ஏப்ரல் 30

அருமையான சொல், ஆனால் எங்களிடம் அது வேறு பக்கம் நிற்கிறது. ‘காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்’ என்றால் தேடிக்கொண்டு இருப்பவர்கள். தொலைந்தவரையே உறவு என்றால் படத்தை வைத்திருப்பவர் யார், படத்தில் இருப்பவர் யார் என்று குழம்பிவிடும்.

புலவர் ஐயா, ‘மாய்க்கப்பட்டோர்’ பற்றியும் ஒன்று. ஒரே சொல்லில் இரண்டும் அடங்குவதுதான் அதில் எனக்குப் பயம். காணாமற்போன பிள்ளையின் தாய் ‘இறந்தவர்’ என்ற பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டாள். இரண்டையும் சேர்த்தால் நாங்களே போட்டுக் கொடுத்தது மாதிரி.

வேறு சில்லறைச் சந்தேகங்கள்:

‘ரெட் டிரெஸ்’ என்பதைச் ‘சிவப்புச் சட்டை நாள்’ என்று எழுதியிருக்கிறேன்.

ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காமல் ‘டூ-ஸ்பிரிட்’ என்று தங்களைச் சொல்லும் பூர்வகுடியினரையும் தேசிய விசாரணை அறிக்கை சேர்த்துப் பேசுகிறது. ‘ஈருயிர்’ சரிவருமா?

அந்த அறிக்கையில் அரசும் மற்றவர்களும் செய்யவேண்டியவையாக ‘கால்ஸ் ஃபார் ஜஸ்டிஸ்’ 231 இருக்கின்றன. ‘பரிந்துரைகள்’ போதுமா?

—

முகிலன், ஏப்ரல் 30

சட்டை என்றால் எங்களுக்கு ஆண்கள் போடுவது. சிவப்புச் சட்டை நாள் என்றால் மே தின ஊர்வலம் என்று நினைப்போம், தேதியும் பக்கத்திலேயே இருக்கிறது! ‘சிவப்பு உடை நாள்’ இரண்டு கரைக்கும் பொது.

ஈருயிர் வேண்டவே வேண்டாம். ஈருயிர்க்காரி என்றால் கர்ப்பிணி. ‘ஈராவி’ என்றால் இரண்டு பேய்.

—

தேவகி, ஏப்ரல் 30

‘டூ-ஸ்பிரிட்’ அப்படியே இருக்கட்டும். 1990இல் வினிபெக்கில் கூடி அவர்களே தங்களுக்கு எடுத்துக்கொண்ட பெயர் அது. எங்களுக்கு மாற்ற உரிமை இல்லை.

‘பரிந்துரை’ தவறு. செய்தாலும் விட்டாலும் சரி என்பதல்ல, சட்டக் கடமை என்று விசாரணை ஆணைக்குழு வலியுறுத்தியது. ‘அழைப்பு’ என்றால் கலியாணக் கார்ட் வாசனை. ‘நீதிக்கான அறைகூவல்கள்’ எனலாம். (நிறைவேறினவை எத்தனை என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2023இல் சி.பி.சி. செய்தி நிறுவனம் கணக்குப் பார்த்தபோது இரண்டு.)

‘தொல்குடி’க்கும் நான் எதிர். தொல்லியல், தொல்பொருள் என்று பழகிய காதுக்கு அது பானை ஓட்டுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். காலையில் என்னோடு பஸ்ஸில் வருகிறவரை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ‘முதற்குடி’ என்பது ஃபர்ஸ்ட் நேஷன்ஸுக்கு மட்டும் பொருந்தும். 1982 அரசியலமைப்பில் இனுயிட், மெற்றி மக்களும் உண்டு. மூன்றுக்கும் பொதுவாக ரொறன்ரோத் தமிழர் ஏற்கனவே சொல்லுவது ‘பூர்வகுடி’தான்.

—

புலவர், ஏப்ரல் 30

குடி என்ற சொல்லே முதன்மையானது. ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்று நம் முன்னோர்...

—

மட்டுறுத்துநர், ஏப்ரல் 30

ஐயா, மன்னிக்க. கல்லும் மண்ணும் தோன்றிய பிறகு அந்த இழையைத் தனியாகத் திறப்போம். இங்கே இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது. ‘மர்டர்ட்’ என்பதற்குக் ‘கொலையுண்ட’ என்று இரண்டு பேர் தனிமடலில் சொல்லியிருக்கிறார்கள். உண் துணைவினை, கட்டுண்ட, அறையுண்ட போல.

—

சுகந்தி, மே 1, வியாழன் காலை

நேற்று மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். ‘கொலையை ஏன் சாப்பிட்டார்கள்?’ என்று கேட்டாள். ஆகவே ‘கொல்லப்பட்ட’.

—

பாலா, மே 1

கடைசியாக ஒன்று. போன, ஆக்கப்பட்ட இரண்டையும் விட்டுவிட்டுத் ‘தேடப்படும் பெண்கள்’ என்றால்?

—

முகிலன், மே 1

‘தேடப்படும் குற்றவாளி.’ மன்னிக்கவும் பாலா.

அருள் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு ‘காணவில்லை’ சுவரொட்டி வேறு மாதிரித் தெரிகிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சொற்களை முதன்முதலில் பார்க்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் ‘போன’தான் புரியும். என் வாக்கு அதற்கே.

—

மட்டுறுத்துநர், மே 1, மாலை

எண்ணிப் பார்த்ததில் ‘காணாமற்போன’ ஐந்து, ‘காணாமல் ஆக்கப்பட்ட’ மூன்று, ‘மாய்க்கப்பட்ட’ ஒன்று. (யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.)

—

சுகந்தி, மே 1, இரவு 11:40

அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பு: ‘காணாமற்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களும் சிறுமிகளும்.’ குப்பைமேட்டுப் பத்தியில் மட்டும் ‘காணாமல் ஆக்கப்பட்ட’ என்று வைத்திருக்கிறேன். ஒரே தாளில் இரண்டு வினை ஏன் என்று யாராவது பெற்றோர் கேட்டால் இந்த இழையை அனுப்புவேன்.

அந்தப் பத்தியில் அருள் சொல்லாத ஒன்றையும் சேர்த்தேன். நான்கு பேரில் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பெயரே தெரியாமல் இருந்தது. முதுபெண்கள் அவருக்கு ‘எருமைப் பெண்’ என்று பெயர் வைத்து அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். 2025 மார்ச்சில்தான் சொந்தப் பெயர் கிடைத்தது. ‘பஃபலோ’ என்பதை எருமை என்று எழுத எனக்கு விருப்பமில்லை, எங்கட ஊரில் அது வசவு. ‘காட்டெருமை’ என்று போட்டேன்.

—

அருள், மே 2, வெள்ளி

வாசித்தேன், நல்லாய் இருக்கிறது. நன்றி சொல்லும் வரியில் என்ர பெயர் வேண்டாம் ரீச்சர். அந்தத் தலைப்புக்குக் கீழே போடமாட்டேன்.

—

புலவர், மே 2

‘காட்டெருமை’ அன்று, ‘காட்டா’ அல்லது ‘ஆமா’. ஆமா என்பது சங்கச் சொல். ஆனால் வட அமெரிக்க விலங்குக்கு அது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. ‘மாய்’ பற்றிய தனி மடல் நாளை.