கேம்டன் 'பிளாக் கேப்' பப் மூடப்பட்டதற்கு உண்மையான காரணம் என்ன?

கேள்வி: புதுக்குடி

அனைவருக்கும் வணக்கம். மேற்படிப்புக்காக 2016 செப்டம்பரில் லண்டனுக்கு வந்தேன். கேம்டன் டவுன் ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே, ஹை ஸ்ட்ரீட்டில் 171ஆம் எண்ணில் இருக்கும் 'பிளாக் கேப்' பப் கட்டடத்தைக் கடந்துதான் அன்றாடம் வகுப்புக்குப் போய்வந்தேன். அது எப்போதும் பூட்டியே கிடந்தது. ஒரு சனிக்கிழமை நண்பகலில் அதன் வாசலில் பத்துப் பதினைந்து பேர் வானவில் கொடிகளோடு நின்றிருந்தார்கள். என்னவென்று கேட்டபோது, "ஐம்பது ஆண்டு காலம் எங்கள் வீடாக இருந்த இடம் இது, மூடிவிட்டார்கள், திறக்கும் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நிற்போம்" என்று ஒரு மூதாட்டி சொன்னார்.

நானும் தன்பாலீர்ப்பாளன்தான். இதை வீட்டாரிடம் இன்னும் சொல்லவில்லை. நம்மவர்கள் கூடும் அப்படியோர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, என் வழியிலேயே அது இருந்திருக்கிறது என்பதும், நான் வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே மூடப்பட்டுவிட்டது என்பதும் பெரிய மனக்குறையாகிவிட்டது. கைப்பேசிச் செயலிகள் வந்தபின் இத்தகைய பப்புகளுக்கு யாரும் போவதில்லை, அதனால்தான் மூடுகிறார்கள் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையில் கூட்டம் வராமல் போனதுதான் காரணமா? சட்டம் எங்களைக் குற்றவாளிகளாகப் பார்த்த காலத்தில் தாக்குப்பிடித்த ஓர் இடம், திருமணமே செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தபின் மூடப்பட்டது எப்படி? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: வடலண்டன் பழையவர்

தம்பி, அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் முதன்முதலாக உள்ளே போனது 1993இல், மார்ச் மாதக் குளிரில். அப்போது வெம்பிளியில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டு, அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் சாலையின் எதிர்ப்புறத்தில் அரை மணி நேரம் நின்றிருந்துவிட்டு, ஒரு பேருந்து வந்து மறைத்துக்கொண்ட நேரம் பார்த்துச் சட்டென்று நுழைந்துவிட்டேன். நீளமான, குறுகலான கூடம். அதன் கோடியில் ஒரு சிறு மேடை. நான் கதவோரத்திலேயே கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்பதைப் பார்த்த பரிமாறுபவர், "அங்கே காற்றடிக்கும், உள்ளே தள்ளி உட்காருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். எந்த ஊர், என்ன வேலை, தனியாகவா வந்தீர்கள் என்று எதுவுமே அவர் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பழகிய எனக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை இன்றும் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை.

1960களின் நடுவிலிருந்தே அது நம்மவர்கள் கூடும் பப்பாக இருந்தது. இங்கிலாந்தில் இருபத்தொரு வயது நிரம்பிய இரண்டு ஆண்கள் தனியிடத்தில் உறவுகொள்வது குற்றமல்ல என்று சட்டம் வந்ததே 1967இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். சட்டத்துக்கு முன்பே கதவு திறந்திருந்தது. பெண்வேடக் கலைக்கு லண்டனில் அதைவிடப் பேர்பெற்ற மேடைகள் சிலவே. நம் பாய்ஸ் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் மரபைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கலையின் நுட்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ரெக்ஸ் ஜேம்சன் என்ற கலைஞர் 'மிசஸ் ஷஃபிள்விக்' என்ற, எப்போதும் சற்றுக் குடிமயக்கத்தில் இருக்கும் ஒரு வேலைக்காரப் பெண்மணியின் வேடத்தில் அங்கே நடித்தார். 1950களில் வானொலியில் புகழோடு இருந்து, பிறகு வாய்ப்புகள் குறைந்துபோன அவரை, 1983இல் இறக்கும் வரை கொண்டாடியவர்கள் இத்தகைய பப்புகளின் ரசிகர்களே. மாடியிலிருந்த கூடத்துக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள்.

நான் போன காலத்தின் ராணி 'ரெஜீனா ஃபாங்'. ரெஜ் பண்டி என்ற நடனக் கலைஞர், சிவப்புப் பொய்முடியோடு, நாடிழந்த ரஷ்ய இளவரசியாக மேடைக்கு வருவார். அவர் கையை ஒரு விதமாக அசைத்தால் கூடத்திலிருந்த அத்தனை பேரும் அப்படியே அசைப்பார்கள். பழைய விளம்பரப் பாட்டு ஒன்றின் முதல் சொல்லை அவர் எடுத்தால் மீதியை நாங்கள் பாடி முடிப்போம். கோயிலில் ஓதுவார் அடியெடுத்துக் கொடுக்க ஊரே பாடுவதுபோல் இருக்கும். அந்த அசைவுகளைக் கற்றுக்கொண்ட நாளில்தான் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனானேன். 2003இல் அவரும் காலமானார்.

இதையும் சொல்லியாக வேண்டும். எய்ட்ஸ் நோய்க்குப் பயனுள்ள கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 வாக்கில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், நிகழ்ச்சி இடைவேளையின்போது ஒரு பிளாஸ்டிக் வாளி கைமாறிக் கைமாறி வரும். அதில் போடும் சில்லறை யாருக்குப் போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்; போன மாதம்வரை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு. உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை ஆதரித்து எதுவும் செய்யக் கூடாது என்று தடுத்த 28ஆம் சட்டப்பிரிவு, 1988 முதல் 2003 வரை இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்தது. எந்த மருத்துவமனைக்குப் போகலாம், எந்த வழக்கறிஞரிடம் பேசலாம் என்பதை அந்தக் காலத்தில் நான் தெரிந்துகொண்டது அந்தப் பப்பின் அறிவிப்புப் பலகையிலிருந்துதான்.

கூட்டம் குறைந்தது உண்மை. 1999இல் 'கேடார்' இணையதளம் வந்தது, 2009இல் 'கிரைண்டர்' செயலி வந்தது. துணை தேடுவதற்காக மட்டுமே வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வார நாள்களில் கூடம் காலியாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் வாசலில் வரிசையில் நின்றுதான் உள்ளே போயிருக்கிறேன், கடைசி ஆண்டிலும்கூட. 2015 ஏப்ரல் 12ஆம் தேதி திடீரென்று மூடிவிட்டார்கள். ஆளில்லாமல் அணைந்த விளக்கல்ல அது.

பதில்: மனைப்பிரிவு

நகரத் திட்டமிடல் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் சட்டப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நகர்ப்புற ஆய்வகம் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, லண்டனில் பால்புதுமையருக்கான (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோருக்கான) இரவுநேர இடங்கள் 2006இல் 125 இருந்தன. 2017இல் 53 ஆகிவிட்டன. இது 58 சதவீத வீழ்ச்சி. பிரிட்டனின் பப்புகள் மொத்தத்தில் 2001 முதல் 2016 வரை 25 சதவீதம் குறைந்தன. இரண்டும் ஒரே கால அளவு அல்ல என்றாலும், எல்லாப் பப்புகளும்தானே மூடுகின்றன என்று சொல்லிக் கடந்துபோக முடியாது என்பதற்கு இந்த வேறுபாடு போதும்.

செயலிகள்தான் காரணம் என்போர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். செயலி உலகம் முழுவதும் ஒன்றுதான். ஆனால் லண்டனில் இடங்கள் மூடப்பட்ட தெருக்களைப் பார்த்தால், அவற்றில் பல மனைவிலை ஏறிய தெருக்கள். சேரிங் கிராஸ் சாலையின் 'அஸ்டோரியா' அரங்கம் கிராஸ்ரெயில் என்ற ரயில்பாதைப் பணிக்காக 2009இல் இடிக்கப்பட்டது; செயலி யாரையும் அங்கிருந்து கலைக்கவில்லை. பிளாக் கேப்பைப் பொறுத்தவரை, மேல்மாடிகளை ஃபிளாட்டுகளாக மாற்றும் திட்டம்தான் சிக்கலின் மையம். கீழே பாட்டும் கூத்துமாக ஒரு மேடை, மேலே பல லட்சம் பவுண்டு கொடுத்துக் குடிவந்தவர்களின் படுக்கையறை. இரண்டும் ஒரே கட்டடத்தில் எத்தனை நாள் ஒத்துப்போகும்? முதல் இரைச்சல் புகாரிலேயே உரிமத்துக்கு ஆபத்து வந்துவிடும். அதனால்தான் பப்பை மூடப்போவதில்லை, மாடியை மட்டும்தான் மாற்றுகிறோம் என்று யார் சொன்னாலும் வாடிக்கையாளர்கள் நம்புவதில்லை. கேம்டன் கவுன்சில் அந்தத் திட்டத்தை ஏற்கவில்லை.

2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி ஓர் இடத்தைச் 'சமூக மதிப்புடைய சொத்து' என்று கவுன்சில் பட்டியலில் சேர்க்கலாம். உரிமையாளர் விற்க முன்வந்தால், ஊர்மக்கள் பணம் திரட்டி விலைபேச ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அப்படிப் பட்டியலில் உள்ள பப்புகளைத் திட்ட அனுமதி பெறாமல் கடையாகவோ அலுவலகமாகவோ மாற்ற முடியாது என்ற விதி 2015 ஏப்ரல் 6ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஆறு நாள் கழித்துத்தான் பிளாக் கேப்பின் கதவு மூடியது. இந்தச் சட்டங்கள் இடிப்பதைத் தடுக்கும், வேறொன்றாக மாற்றுவதைத் தடுக்கும், விற்பனையைத் தாமதப்படுத்தும். ஆனால் கதவைத் திறந்து வியாபாரம் செய் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்த அப்போது எந்தச் சட்டத்துக்கும் அதிகாரமிருக்கவில்லை. மனைவிலை ஆண்டுக்காண்டு ஏறும் ஊரில், பூட்டிப்போட்டுக் காத்திருப்பவருக்கு அவசரம் எதுவுமில்லை. உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: சட்டம் சுவரைக் காப்பாற்றியது, விளக்கு அணைவதைத் தடுக்க அதற்கு வழியில்லை.

முயற்சிகள் எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. தெற்கே ராயல் வாக்ஸ்ஹால் டேவர்ன் என்ற பப், பால்புதுமையர் வரலாற்றுக்காகவே 2015 செப்டம்பரில் இரண்டாம் தரப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் அந்தக் காரணத்துக்காக அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் கட்டடம் அது. ஹாக்னி சாலையில் 1997 முதல் இயங்கி 2015 ஜனவரியில் மூடப்பட்ட 'ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸ்' பப் விஷயத்தில், அங்கே எழும் புதிய கட்டடத்தில் பால்புதுமையருக்கான இடம் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் 2017இல் நிபந்தனை விதித்தது.

பதில்: தென்றல்

அண்ணாக்கள் இருவரும் எழுதியதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருந்தது என்று இங்கே படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. நான் லெஸ்பியன், 1990களின் இறுதியில் லண்டனில் இளம்பெண்ணாக இருந்தேன். எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை, ஒரு பிரபல பாரின் வாசலில் என்னையும் என் தோழியையும் நிறுத்தி, "இது என்ன மாதிரி இடம் என்று தெரிந்துதான் வருகிறீர்களா?" என்று கேட்டார்கள். எங்களுக்கு முன்னால் போன வெள்ளைக்காரப் பெண்கள் இருவரை அவர்கள் கேட்கவில்லை. சேலை கட்டுகிற வீட்டுப் பெண்கள் அங்கே வருவார்கள் என்று அந்தக் காவலாளியால் கற்பனை செய்ய முடியவில்லை.

எனக்கு வீடாக அமைந்தது கேம்டனுக்கு வடக்கே டஃப்நெல் பார்க்கில், டீஜே ரித்துவும் ரீட்டாவும் 1995இல் தொடங்கிய 'கிளப் காளி'. அதற்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு வாடகை அரங்கில் குறிப்பிட்ட இரவுகளில் மட்டும் நடக்கும். பாங்க்ராவும் இந்திப் பாட்டும் ஒலிக்க, சல்வார் அணிந்த ஆண்களும் கோட்டணிந்த பெண்களும் ஆடுவதைப் பார்த்த முதல் இரவில், வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நானும் தோழியும் அழுதோம். பெண்களுக்கென்று சோஹோவில் 1996இல் திறந்த 'கேண்டி பார்' 2014 ஜனவரியில் மூடப்பட்டபோது, பிளாக் கேப்புக்காக நின்றதைப் போல வாரந்தோறும் யாரும் கொடியோடு நின்றதாக எனக்கு நினைவில்லை.

இருந்தும் பிளாக் கேப்புக்காக நானும் சில சனிக்கிழமைகள் போய் நின்றேன். சொந்தக் கூரை உள்ள இடம் ஒன்று போனால், வாடகைக் கூரையில் ஒண்டியிருக்கும் எங்களைப் போன்றவர்கள் போக்கிடமும் சுருங்குகிறது. தம்பி புதுக்குடி, கிளப் காளி போன்ற இரவுகள் எங்கே எப்போது நடக்கின்றன என்று தேடிப் பாருங்கள். நீங்கள் பிந்தி வந்துவிடவில்லை.

பதில்: புதுக்குடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தென்றல் அக்கா, உங்கள் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். வடலண்டன் ஐயா, ஒரேயொரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது: அந்த மேடையின் பழைய நிகழ்ச்சித் தாள்கள், படங்கள் எங்கேயாவது பாதுகாக்கப்படுகின்றனவா? என் ஆய்வேட்டுக்கு அவை தேவையில்லை, எனக்காகத்தான் கேட்கிறேன்.

பதில்: வடலண்டன் பழையவர்

லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்கு அருகே பிஷப்ஸ்கேட் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. பால்புதுமையர் தொடர்பான பத்திரிகை நறுக்குகளும் ஆவணங்களும் பெருமளவில் அங்கே உள்ளன. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். தென்றல் தங்கை சொன்ன வாசல் கதையைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். அதே ஆண்டுகளில் நான் உள்ளே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்திருக்கிறேன், வாசலில் யாரைத் தடுக்கிறார்கள் என்று ஒருநாளும் எழுந்துபோய்ப் பார்த்ததில்லை.

தம்பி, என் மேசை இழுப்பறையில் ரெஜீனா ஃபாங் நிகழ்ச்சியின் துண்டறிக்கை ஒன்று இருக்கிறது. அண்ணன் வீட்டில் யார் கண்ணிலும் படக் கூடாதென்று நான்காக மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்ததால் மடிப்புகளில் எழுத்து அழிந்துவிட்டது, படம் மட்டும் தெளிவாகத் தெரியும். பிஷப்ஸ்கேட்டுக்கு எந்த நாள் போகிறீர்கள் என்று எழுதுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன். தென்றலும் வரட்டும்.