பயணத்தில் எடுத்த அஸ்தமனப் படங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சமீபத்துப் பயணம் ஒன்றில் மலை உச்சியில் ஒரு காட்சிமுனைக்குப் போயிருந்தோம். அஸ்தமனத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றது கைபேசி. ஆனால் சூரியன் அப்போதே எதிர்மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. செயலி சொல்வது தடையில்லாத சமமான அடிவானத்துக்கான நேரம். மேற்கே மலை இருந்தால் அரை மணி முன்னதாகக்கூட மறைந்துவிடும்.

கூட்டம் மொத்தமும் சூரியனையே குறிவைத்துச் சுட்டுத் தள்ளியது. பக்கத்தில் நின்ற பெரியவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். "கண்ணுக்கு இவ்வளவு பெரிசா தெரியுதே தம்பி, இதுல ஏன் பொட்டு மாதிரி விழுது?"

நியாயமான கேள்விதான். வானத்தில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரை டிகிரி. அடிவானத்துக்கு வரும்போது பெரிதாகத் தெரிவது நம் மூளை செய்யும் வேலை. கைபேசியின் வழக்கமான லென்ஸ் 70 டிகிரி அளவுக்கு அகலத்தை ஒரே படத்தில் அடக்குகிறது. அதில் அரை டிகிரிக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவில், தூரத்தை நெருக்கிக் காட்டும் 400 மி.மீ. லென்ஸ் மாட்டினாலும் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் சூரியன்.

இதையெல்லாம் அவரிடம் விளக்கவில்லை. கம்பி வேலியில் சாய்ந்து நின்ற அவர் பேத்தியைக் காட்டி, "இவங்களை எடுங்க ஐயா" என்றேன். சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் திரையில் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, கொஞ்சம் குறைத்தோம். பேத்தி கருநிழலாக விழுந்தாள், பின்னால் வானம் தகதகவென்று. முகம் தெரியவில்லையே என்று பெரியவருக்கு வருத்தம். பேத்தியோ அப்போதே தனக்கு அனுப்பச் சொல்லிவிட்டாள்!

சூரியன் மறைந்ததும் கூட்டம் கலைந்தது. நல்ல நிறம் அதற்கப்புறம்தான் வந்தது. நமக்குச் சூரியன் மறைந்துவிட்டாலும் உயரத்து மேகங்களுக்கு இன்னும் தெரிகிறது, அவற்றின் அடிப்பக்கம் சிவக்கிறது. என்னைக் கேட்டால், சூரியன் இருக்கும் படங்களைவிட இல்லாத படங்களே தேறுகின்றன.

பதில்:

சரி, ஆனால் எல்லா மாலையும் காத்திருக்கத் தேவையில்லை. மேற்கு அடிவானத்தைத் தடித்த மேகம் அடைத்திருந்தால் நான் கிளம்பிவிடுவேன். அடிவானம் திறந்து, மேலே மெல்லிய இழை மேகம் இருந்தால் நிற்பேன்.

தூசி இருந்தால்தான் நிறம் கூடும் என்று பயணங்களில் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தரையோரத் தூசியும் புகையும் நிறத்தை மங்கத்தான் வைக்கும். மழை பெய்து வெறித்த மாலையில் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபின் உலகின் பல பகுதிகளில் மாதக்கணக்கில் அந்தி வானம் சிவந்தது உண்மை. ஆனால் அந்தத் துகள்கள் மிக உயரத்தில், அடுக்கு மண்டலத்தில் பரவியவை.

அப்புறம், ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப படத்தின் நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள். அந்தச் செம்மஞ்சளைக் குறை என்று எடுத்துக்கொண்டு கேமரா அதைச் 'சரி' செய்துவிடும். டேலைட்டில், அதாவது பகல் வெளிச்ச அமைப்பில், வைத்தால் போதும்.

பதில்:

என் அனுபவம் விமானத்தில். வட அட்சரேகையில் ரொம்ப மேலே, மேற்கு நோக்கிப் பறந்தோம். சூரியன் அடிவானத்தில் நின்றவாக்கில் நின்றது, இறங்கவே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். காரணம் எளிது. பூமி சுழலும் வேகம் நிலநடுக்கோட்டில் மணிக்குச் சுமார் 1,670 கி.மீ., 60 டிகிரி அட்சரேகையில் அதில் பாதி. பயணிகள் விமானம் கிட்டத்தட்ட அதே வேகத்தில் எதிர்த்திசையில் போகிறது.

அவசரமே இல்லாமல் எடுத்த அஸ்தமனம் அது ஒன்றுதான். விமானத்தில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் வடிகட்டி) போடாதீர்கள், பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் திட்டுகள் விழும். லென்ஸைக் கண்ணாடிக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் (ஒட்டினால் அதிர்வு ஏறும்), சுற்றிலும் கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டால் உள்விளக்கின் பிரதிபலிப்பு வராது. கிழக்குப் பக்க ஜன்னலில் இருப்பவர்களும் ஏமாற வேண்டாம். சூரியன் மறைந்த பிறகு அந்தப் பக்கம் அடிவானத்தை ஒட்டி ஒரு சாம்பல்நீலப் பட்டை எழும். அது பூமியின் நிழல். அதன் மேல் இளஞ்சிவப்பு விளிம்பும் இருக்கும்.