காசிமேட்டு மொட்டைமாடியில் கற்றுக்கொண்டது

வண்ணாரப்பேட்டையில் குடியிருந்துகொண்டு, வடசென்னை முழுவதும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஏசி பொருத்தும் வேலையைப் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எந்த கம்பெனி ஏசி நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் ஏராளம். அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கடலோரத்தில் முதலில் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்விதான் என்பதை எனக்கு உணர்த்தியது, காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஒரு வீடு.

அந்த வீட்டில் ஒன்றரை டன் ஏசியைப் பொருத்தியவன் நானே. காற்றோட்டம் தாராளமாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை மட்டும் மனத்தில் வைத்து, மொட்டைமாடியில் கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரை ஒட்டி ஸ்டாண்டு அடித்து யூனிட்டை வைத்தேன். மூன்றாவது கோடையில் குளிர்ச்சி இல்லை என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தபோது யூனிட்டுக்குள் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் வெளுத்துப் போயிருந்தன. விரலால் லேசாகத் தொட்டதுமே வெண்பொடியாக உதிர்ந்தன. ஸ்டாண்டின் போல்ட்டுகள் துருவேறி, நட்டும் மரையும் ஒன்றாகிவிட்டிருந்தன. வீட்டுக்கார அம்மா கோபப்படவில்லை. "தம்பி, காத்து நல்லா வர்ற இடம்னு நீதானே இங்க வெச்ச?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியத்தைத்தான் முதலில் தின்னும். நமக்கு இதமாக இருக்கும் பிற்பகல் கடற்காற்று, அந்த உப்பை நாள் தவறாமல் கொண்டுவந்து சேர்க்கிறது. தகடு போய்விட்டால் வெப்பம் வெளியேறாது. அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் திணறும், மின்கட்டணம் கூடும்.

அடுத்த முறை பாதுகாப்புப் பூச்சுள்ள தகடுகள் கொண்ட யூனிட்டை வாங்கச் சொல்லி, அதைப் படிக்கட்டு அறைக்குப் பின்னால், கடலுக்கு முதுகு காட்டும் மேற்குப் பக்கத்தில் வைத்தேன். ஏசியுடன் வரும் செம்புக் குழாய் பெரும்பாலும் மூன்று மீட்டர்தான் என்பதால், கூடுதலாக நான்கு மீட்டர் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் செலவுக்குத் தயங்கித்தான் பலர் யூனிட்டைத் தவறான இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். நான் இப்போது அதற்கு ஒப்புக்கொள்வதில்லை.

கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் சிக்கல் வேறு. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில், இரண்டு கட்டடங்களுக்கு இடையே மூன்றடி கூட இல்லாத சந்தில் ஐந்து அவுட்டோர் யூனிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றரை டன் ஏசி ஒன்று அறையிலிருந்து எடுக்கும் வெப்பமும் கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரமும் சேர்ந்து, ஏறத்தாழ ஆறரை கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். கீழ் யூனிட் தள்ளிய அனலையே மேல் யூனிட் உறிஞ்சியதால், மே மாதப் பகலில் மேலிருந்த இரண்டும் மாறி மாறி நின்றுபோயின. கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி அதற்கு முன் வந்தவர்கள் இரண்டு முறை கேஸ் ஏற்றிப் பணம் வாங்கியிருந்தார்கள். யூனிட்டுகளை மொட்டைமாடிக்கு மாற்றியதும் கோளாறு நின்றது.

மாற்றும்போது வேக்குவம் பம்ப் போட்டு அரை மணி நேரம் குழாய்க்குள் இருக்கும் காற்றை இழுத்த பிறகே கேஸைத் திறந்தேன். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளினால் போதும் என்பவர்களை நம்ப வேண்டாம். நம் ஊர்க் காற்றின் ஈரம் குழாய்க்குள் தங்கினால், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸர் காயிலை அரித்துவிடும்.

காசிமேட்டு அம்மா ஞாயிறுதோறும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தூவி யூனிட்டின் உப்பைக் கழுவுகிறார். ஐந்தாம் ஆண்டு சர்வீஸுக்குப் போனபோது, தகடுகளின் நீலப் பூச்சு அப்படியே இருந்தது.