மூட்டைப்பூச்சிக்கு உலர்பொடி தூவி 2 வாரம் ஆகியும் கடி நிற்கவில்லை. எங்கே தவறு?

கேள்வி
மரக்கட்டில். சுற்றிலும் தரையில் டயட்டமேசியஸ் எர்த் (நுண்பாசிகளின் புதைபடிவ ஓடுகளால் ஆன மண்) பொடியை விரல் தடிமனுக்குக் கோடாகப் போட்டிருக்கிறேன், மெத்தை மேலும் தூவினேன். பூச்சி குறைந்தபாடில்லை. பொடி போலியா, இல்லை இன்னும் நிறையப் போட வேண்டுமா? தண்ணீரில் கலந்து ஸ்பிரே அடிக்கலாம் என்கிறார்கள், அது சரிவருமா?

பதில் 1
பொடியைவிடப் போட்ட விதத்தில்தான் சிக்கல். இது விஷமில்லை. பூச்சியின் உடம்பு மேல் உள்ள மெழுகுப் படலத்தை உறிஞ்சிவிடும். அப்புறம் உடம்பு ஈரம் வற்றிப் பூச்சி சாகும். அதற்குப் பூச்சி பொடி மேல் நடந்தாக வேண்டும். குவியலாகக் கிடந்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். ஒரு வாரம் துடைக்காத அலமாரியில் படியும் தூசு அளவு போதும்: விரலால் இழுத்தால் தடம் தெரிய வேண்டும், தூர நின்று பார்த்தால் வெள்ளையாகத் தெரியக் கூடாது.

இடமும் முக்கியம். பகலில் பூச்சி தரையில் இருக்காது. கட்டிலின் சட்டமும் காலும் சேரும் மூட்டு, ஸ்குரூ துளை, தலைமாட்டுப் பலகையின் பின்புறம், பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு, இங்கெல்லாம் கரும்புள்ளி எச்சமும் உரித்த தோலும் இருக்கும். கட்டிலைக் கழற்றி, முதலில் வேக்குவம் போட்டு, பிறகு மென்மையான பிரஷ்ஷாலோ ரப்பர் பல்பு தூவியாலோ அந்த இடுக்குகளில் ஏற்றுங்கள். பல்பில் பாதிக்கு மேல் நிரப்பினால் கட்டியாகக் கொட்டும். சுவிட்ச் போர்டுக்குள்ளும் பூச்சி ஒளியும்; அதன் மூடியைத் திறப்பதானால் மெயினை அணைத்துவிட்டுத்தான்.

தயவுசெய்து வேறு அறைக்குப் படுக்கையை மாற்றாதீர்கள். நீங்கள் இதே கட்டிலில் படுத்தால்தான் பூச்சி பொடியைக் கடந்து வரும். மாறினால் அதுவும் பின்னாலேயே வந்து அங்கும் பரவும்.

பதில் 2
தண்ணீரில் கலக்காதீர்கள். ஈரமாக இருக்கும்வரை அதற்கு மெழுகை உறிஞ்சும் சக்தி கிடையாது. காய்ந்த பிறகும் பொருக்காக ஒட்டிக்கொள்ளும், பூச்சியின் உடம்பில் ஏறாது. ஈரப்பதம் அதிகமான அறையிலும் டயட்டமேசியஸ் எர்த் மந்தமாகத்தான் வேலை செய்யும். மூட்டைப்பூச்சிக்கென விற்கும் உருவமற்ற (படிகமல்லாத) சிலிக்கா பொடி இதைவிட வேகமானது. போரிக் பவுடரில் பணத்தை விடாதீர்கள். அது பூச்சியின் வயிற்றுக்குள் போனால்தான் கொல்லும், மூட்டைப்பூச்சியோ இரத்தம் தவிர எதையும் குடிக்காது.

இன்னொன்று, பொடி முட்டையைக் கொல்லாது. முட்டை பொரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், வெளிவரும் குஞ்சு பொடி மேல் நடந்தால்தான் சாகும். அதனால் 2 வாரத்தில் தீர்ப்பு எழுத முடியாது. பொடியைக் கலைக்காமல் சில மாதம் விடுங்கள். துணிகளை டிரையரில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டினால் முட்டையும் சாகும்.

கேட்டவர்
நன்றி. தரையிலும் மெத்தையிலும் கிடக்கும் பொடியை எப்படி எடுப்பது? துடைப்பத்தால் கூட்டினால் புகையாகக் கிளம்புகிறது.

பதில் 3
துடைப்பம் வேண்டவே வேண்டாம். மின்விசிறியை அணைத்து, என்95 முகக்கவசம் போட்டு, தரையில் உள்ளதை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மெத்தைக்கு ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம்தான். சாதாரண வேக்குவம் நுண்பொடியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதும். மூச்சு படும் இடத்தில், அதாவது மெத்தை மேலோ தலையணையிலோ, இனிப் போடாதீர்கள். மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போட்டு ஒரு வருடத்துக்கு மேல் கழற்றாமல் வையுங்கள்.

பாக்கெட்டையும் பாருங்கள். நீச்சல்குள வடிகட்டிக்கு விற்கும் டயட்டமேசியஸ் எர்த் என்றால் மொத்தத்தையும் அப்புறப்படுத்துங்கள். அது சூளையில் சுட்டது, படிக சிலிக்கா நிறைய இருக்கும், நுரையீரலைக் கெடுக்கும். பூச்சிக்கொல்லியாகப் பதிவான பொடி மட்டுமே வீட்டுக்குள் வரலாம்.

கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, போர்வை தரையைத் தொடாமல் பார்த்து, நான்கு காலுக்கும் வழுவழுப்பான பொறிக்கிண்ணம் வையுங்கள். வாரம் ஒருமுறை கிண்ணத்தில் விழுந்ததை எண்ணிக் குறித்து வைத்தால், பொடி வேலை செய்கிறதா என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.