இம்பிளான்ட் தசைக்கு மேலேயா, அடியிலேயா?

நொய்யல்கரை (திருப்பூர்):
மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பையான இம்பிளான்டை மார்புத் தசைக்கு மேலே வைத்துக்கொள்ளலாமா என்று ஈரோட்டுத் தங்கை ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம் என்பேன். எனக்கு இரண்டு குழந்தைகள். பால் மறக்கடித்ததும் மார்பு வற்றிப்போனது, உடம்பும் ஒல்லி. கோவையில் சர்ஜன் மார்பின் மேற்பகுதியைக் கிள்ளிப் பிடித்து அளந்தார், 2 செ.மீ.கூட இல்லை. மேலே வைத்தால் விளிம்பு தெரியும், தோலில் அலை அலையாக மடிப்பு விழும் என்று சொல்லி அடியில் வைத்தார். 4 வருடம் ஆகிறது, வித்தியாசமே தெரியாது. அப்புறம், இம்பிளான்டைச் சுற்றி உடம்பு ஓர் உறை கட்டும். அது இறுகிக் கல்லாகிவிட்டால் மறுபடி ஆபரேஷன்தான். தசைக்கு அடியில் அந்த இறுக்கம் குறைவு.

தண்டால்காரி (கோவை):
அக்கா, உங்களுக்கு நல்லபடியாக அமைந்ததில் சந்தோஷம். ஆனால் எல்லாருக்கும் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லாதீங்க. நானும் முதலில் அடியில்தான் வைத்தேன். அதற்காக மார்புத் தசை விலா எலும்பில் பிடித்திருக்கும் கீழ் ஓரத்தை அறுத்து விடுகிறார்கள். மூன்று வாரம் தலை வாரக்கூடக் கை தூக்க முடியவில்லை. வலி போய்விட்டது, அசைவு போகவில்லை. நான் ஜிம்மில் பயிற்சி கொடுப்பவள். தண்டால் எடுக்கும்போதெல்லாம் இரண்டும் மேலேயும் பக்கவாட்டிலும் இழுபடும், பனியனுக்கு வெளியே தெரியும். என்ன வேலை செய்கிறாய் என்று அந்த டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருடம் வேறு டாக்டரிடம் தசைக்கு மேலே மாற்றிக்கொண்டேன், இழுப்பு நின்றது. எனக்கு மேலே போர்த்த சதை இருந்தது, அதனால் விளிம்பும் தெரியவில்லை. இறுக்கத்துக்குப் பயந்தால் சொரசொரப்பான இம்பிளான்ட் இருக்கிறதே?

கோபி நர்ஸ்:
கண்ணு, சொரசொரப்பை அவ்வளவு லேசாகச் சொல்லாதே. தசைக்கு மேலே வைக்கும்போது அது இறுக்கத்தைக் குறைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த உறையில் உண்டாகும் அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோய் சொரசொரப்பான வகையோடுதான் முக்கியமாகத் தொடர்புடையது. அதனால்தான் 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன்னுடைய பயோசெல் என்ற சொரசொரப்பான வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து வீங்கினால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

தண்டால்காரி:
சரிங்க, அதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வைத்தது வழுவழுப்பானதுதான். இறுக்கம் வரலாம் என்று தெரிந்தே எடுத்த முடிவு. காம்பைச் சுற்றிக் கீறாமல் மார்புக்குக் கீழ் மடிப்பில் கீறினார்கள், அதில் இறுக்கம் வரும் வாய்ப்பு குறைவு என்றார்கள்.

நொய்யல்கரை:
மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் எக்ஸ்ரேயை, மேமோகிராமை மறந்துவிட்டீர்களே! அடியில் இருந்தால் மார்புத் திசு நன்றாகத் தெரியும். மேலே இருந்தால் மறைக்கும்.

கோபி நர்ஸ்:
அடியில் இருந்தாலும் கொஞ்சம் மறைக்கும், அம்மணி. இம்பிளான்டைப் பின்னால் தள்ளி, திசுவை முன்னால் இழுத்துத் தனியாகப் படம் எடுக்க வேண்டும். வழக்கமான 4 படம் 8 ஆகும். எங்களிடம் வரும் சிலர், கூடவே மாமியார் வந்திருக்கிறார் என்று இம்பிளான்ட் இருப்பதையே மறைத்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வேதனை. படம் எடுப்பவரிடம் மட்டுமாவது காதோடு சொல்லிவிடுங்கள். சிலிகோன் இம்பிளான்ட் உள்ளே கிழிந்தாலும் பல நேரம் வலிக்காது. 5, 6 வருடத்தில் ஒரு ஸ்கேன், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை என்பது அமெரிக்காவில் மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. சொல்லும் கணக்கு.

நொய்யல்கரை:
ஸ்கேன் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை. அடுத்த வருடம் எடுத்துவிடுகிறேன். ஒல்லி உடம்புக்கு அடியில்தான் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் வேலையைக் கேட்காமல் நானும் சொன்னது தப்பு. ஈரோட்டுத் தங்கை, கிள்ளி அளந்தார்களா? எவ்வளவு வந்தது? தினமும் பாரம் தூக்கும் வேலையா?