முப்பரிமாண வடிவமைப்புக்குப் பிராசஸர்: நீங்கள் வாங்கியபோது நடந்தது என்ன?

இயந்திர உதிரிபாகங்களை வடிவமைப்பது என் தொழில். பழைய கணினி திணறத் தொடங்கியபோது, கோர் (பிராசஸருக்குள் தனித்துக் கணக்கிடும் அலகு) எண்ணிக்கை கூடினால் வேகமும் கூடும் என்று நம்பி, 24 கோர்களும் 48 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்) கொண்ட பிராசஸர் ஒன்றை வாங்கினேன். பல பாகங்கள் சேர்ந்த பெரிய அசெம்பிளி ஒன்றைத் திறந்து ஒரு துளையின் விட்டத்தை மாற்றிப் பார்த்தால், ரீபில்ட் (மாற்றத்துக்கேற்ப மாதிரியை மீண்டும் கணக்கிடுவது) முடிய ஏறக்குறைய முன்பு ஆன நேரமே ஆனது. டாஸ்க் மேனேஜரிலோ மொத்தப் பயன்பாடு 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. பிராசஸர் ஓய்வாக இருக்கிறது, கோளாறு மென்பொருளில்தான் என்று முடிவு கட்டி, அதை நீக்குவதும் மீண்டும் நிறுவுவதுமாக இரண்டு நாட்களை வீணாக்கினேன். 100ஐ 48ஆல் வகுத்துப் பார்க்க மூன்றாம் நாள்தான் தோன்றியது; விடை சுமார் 2: ஒரு த்ரெட் முழு மூச்சாக உழைக்க, மற்ற 47ம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

காரணம், பாகத்தை உருவாக்கும் படிகளின் வரிசையான ஃபீச்சர் ட்ரீயின் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்கெட்ச் (தட்டையான வரைபடம்) இல்லாமல் எக்ஸ்ட்ரூட் (அதை இழுத்துத் திடவடிவமாக்குவது) இல்லை. எக்ஸ்ட்ரூட் கணக்கிடப்பட்டு விளிம்பு உருவானால்தான் ஃபில்லெட் (விளிம்பை வளைவாக்கும் படி) அந்த விளிம்பைப் பிடிக்க முடியும். ஒன்றன் விடைக்காக அடுத்தது காத்திருக்கும் இந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வழியில்லை. வேலையில் பிரிக்க முடியாத பகுதியே மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கும் என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே காட்டியிருந்தார். எனக்கு அது பணம் கொடுத்த பிறகு புரிந்தது. இப்போது 8 கோர்களே உள்ள, ஆனால் ஒற்றைக் கோரின் வேகம் மிகுந்த பிராசஸரில் பணிபுரிகிறேன். ரீபில்ட் நேரம் கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

*

மேலே எழுதிய நண்பரின் 24 கோர்கள் என் மேசையில் இருந்திருந்தால் வீணாகியிருக்காது. என் பணியில் பாதி ரெண்டரிங், அதாவது மாதிரியை நிஜம் போன்ற படமாக்குவது. படத்தின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கணக்கிடலாம் என்பதால் எத்தனை கோர்கள் கொடுத்தாலும் அது விழுங்கிவிடும். மறு பாதியான அழுத்தப் பகுப்பாய்வில் கதை வேறு. 16 கோர்கள் இருந்தும் சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) ஆமை வேகத்தில் நகர்ந்ததற்கு, ஒரே 32 ஜிபி ராம் பட்டையை ஒரே சேனலில் (ராமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான தரவுப் பாதை) செருகி வைத்திருந்ததே காரணம். தரவு வந்து சேராமல் கோர்கள் பசியோடு காத்திருந்தன. அதே அளவில் இன்னொரு பட்டையை இரண்டாவது சேனலில் செருகியதும் சால்வர் விறுவிறுப்படைந்தது.

*

மடிக்கணினி வாங்குவோர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் டர்போ வேகத்தை (சிறிது நேரம் மட்டும் எட்டும் உச்ச வேகம்) நம்பி ஏமாற வேண்டாம். மெல்லிய மடிக்கணினி ஒன்றில் முதல் சில ரீபில்ட்கள் மின்னலாக முடிந்தன. சூடேறிய பின் கடிகார வேகம் தானாக இறங்கி, மாலைக்குள் என் பழைய கணினியைவிட மந்தமாகிவிட்டது. கோர் கணக்கிலும் கவனம் வேண்டும்: 2021இல் வந்த இன்டெலின் 12ஆம் தலைமுறையிலிருந்து பல மாதிரிகளில் வேகக் கோர்களோடு சிக்கனக் கோர்களும் கலந்திருக்கின்றன. ஐ7-12700இன் 12 கோர்களில் 8 மட்டுமே வேகமானவை.