மேற்கோள் எண்ணிக்கை ஒரு மூலக்கூறு உயிரியலாளரின் தகுதியைச் சொல்லுமா?

செங்காந்தள்:
மூலக்கூறு உயிரியலாளர் ஒருவரைப் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கும்போது, அவருடைய எச்-குறியீட்டையும் (அது 10 என்றால், குறைந்தது பத்து மேற்கோள்களாவது பெற்ற பத்துக் கட்டுரைகள் அவருக்கு உண்டு என்று பொருள்) மொத்த மேற்கோள் எண்ணிக்கையையும் (அவர் கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் சுட்டிய தடவைகள்) கோப்பின் முதல் பக்கத்தில் வைக்கும் வழக்கம் அறவே நிற்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அறிவியலிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, ஆலிவர் லோரியும் அவருடைய சகாக்களும் 1951இல் வெளியிட்டது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை விளக்கும் அக்கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் உள்ளன. மரபணுக் கூறுகள் குரோமோசோமில் இடம் மாறுகின்றன என்பதைச் மக்காச்சோளப் பயிரில் கண்டறிந்து 1950இல் எழுதிய பார்பரா மெக்ளின்டாக்கோ, சக ஆய்வாளர்களின் தயக்கத்தைப் பார்த்துச் சில ஆண்டுகளிலேயே அதைப் பற்றி ஆய்விதழ்களில் விரிவாக எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். பாக்டீரியாவிலும் அத்தகைய கூறுகள் தென்பட்ட பிறகே அவர் கண்டதன் பெருமை பரவலாக உணரப்பட்டது. நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. எண்ணை மட்டும் பார்க்கும் ஒரு குழு, இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அவரை எந்த வரிசையில் வைத்திருக்கும்?

வேழம்:
லோரி கட்டுரையின் எண் பொய் சொல்லவில்லை. அந்த முறையை எத்தனையோ ஆய்வகங்கள் உண்மையாகவே பயன்படுத்தின. அதைத்தான் அது சொல்கிறது. பயன்பாட்டைக் கண்டுபிடிப்பைவிடத் தாழ்ந்ததாக ஏன் கருத வேண்டும்? எண்ணை நீக்கிவிட்டால் எஞ்சுவது பரிந்துரைக் கடிதம்தான். எனக்குக் கடிதம் எழுதப் புகழ்பெற்ற வழிகாட்டி எவரும் இல்லை. ஒரு நேர்காணலில் என் கட்டுரைகளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், யாரிடம் பயின்றேன் என்பதை மட்டுமே விசாரித்தார்கள். முகமறியாத ஆய்வாளர்கள் என் முறையை எடுத்தாண்டார்கள் என்பதற்கு அந்த எண்ணிக்கையைத் தவிர வேறு சாட்சி என்னிடம் இருக்கவில்லை. 2005இல் எச்-குறியீட்டை முன்மொழிந்த இயற்பியலாளர் ஹிர்ஷே, உயிரியல் துறையினருக்கு அது இயற்பியலாளர்களைவிட உயர்ந்திருக்கும் என்று குறிப்பிட்டிருக்கிறார். ஒரே உட்துறையில், ஒத்த பணிக்காலம் உடையவர்களுக்கிடையே மட்டும் ஒப்பிட்டால் அது பயனுள்ள கருவியே.

செங்காந்தள்:
உங்களுக்கு நேர்ந்தது அநீதி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயன்பாட்டையாவது அந்த எண் ஒழுங்காக அளக்கிறதா? புரத அமைப்பைச் சரிபார்ப்பவர்கள் அனைவரும் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். 1963இல் வந்த மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் அவர்களில் ஒரு பகுதியினரே. சாங்கரின் 1977ஆம் ஆண்டு டி.என்.ஏ. வரிசையறியும் முறைக்கும் இதே நிலைதான். ஒரு முறை அன்றாடப் பழக்கமாகிவிட்டால் அதன் பெயர் நிலைக்கிறது, மேற்கோள் உதிர்ந்துவிடுகிறது. இன்னொன்றையும் பாருங்கள்: இருபது பேர் எழுதிய கட்டுரையில், இரவு பகலாகச் சோதனை செய்த முதலாசிரியருக்கும் ஒரேயொரு மாதிரியை அனுப்பி உதவிய பதினான்காம் ஆசிரியருக்கும் எச்-குறியீடு ஒரே மதிப்பைத் தருகிறது.

பைந்தளிர்:
இருவரும் ஆராய்ச்சி நிதியை விட்டுவிட்டீர்கள். காட்டலின் கரிகோ 1995இல் தம் பல்கலைக்கழகத்தில் பதவியிறக்கப்பட்டதற்கு, எம்.ஆர்.என்.ஏ. (புரதம் தயாரிப்பதற்கான குறிப்பைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் மூலக்கூறு) பற்றிய ஆய்வுக்கு நிதி கிடைக்காததே முக்கியக் காரணம். டிரூ வைஸ்மனுடன் அவர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, அதன் கட்டுமானக் கூறுகளான நியூக்ளியோசைடுகளை மாற்றியமைத்தால் உடலின் அழற்சி எதிர்வினை தணியும் என்று காட்டியது. கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்கு அடித்தளமாகி 2023இல் நோபல் பரிசு பெற்றுத் தந்ததும் அந்த ஆய்வே. மேலும் ஒரு திருத்தம்: எண்ணிக்கையை எதிர்ப்பவர்கள் அடிக்கடி துணைக்கு அழைக்கும் ஆய்வு மதிப்பீடு பற்றிய 2012ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் முதன்மையாக எதிர்ப்பது, ஆய்விதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் அளவு) கொண்டு தனியொருவரின் ஆய்வை மதிப்பிடுவதைத்தான். கட்டுரை பெற்ற மேற்கோள்களை எண்ணவே கூடாது என்று அது சொல்லவில்லை.

வேழம்:
திருத்தத்தை ஏற்கிறேன். ஆசிரியர் வரிசை பற்றிய வாதத்துக்கும் என்னிடம் மறுமொழி இல்லை. ஆகவே விண்ணப்பதாரர் தம் ஐந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் தாம் செய்தது என்ன என்று ஒரு பத்தி எழுதட்டும். எண்ணிக்கை கோப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். ஆனால் அந்தப் பக்கம் கிழிக்கப்படுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

செங்காந்தள்:
ஐந்து கட்டுரைகளுக்கு உடன்படுகிறேன். குழுவினர் அவற்றைப் படித்துத் தத்தம் கருத்தை எழுத்தில் ஒப்படைத்த பிறகே கடைசிப் பக்கம் அவர்கள் கைக்கு வர வேண்டும் என்று விதி இருந்தால், அது கோப்பில் இருப்பதற்கும் உடன்படுவேன்.